பதினேழு, டான்சி தெரு

மார்ஸ்வித் துறைமுக நகரைச் சுற்றிவரும் வட்டப் பேருந்தின் மேல்தளத்தில், முன்னிருக்கையில் அமர்ந்து, உதடுகளை அசைத்தபடியே பயணம் செய்யும் பெண்மணியை அந்தத் தடத்தின் ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்திருந்தனர். ஏறிய இடத்திலேயே இறங்குவாள். சில நாள்களில் இறங்காமல் இன்னொரு சுற்றும் போவாள். பிரார்த்தனை செய்கிறாள் என்று சிலர் எண்ணினர். மனநல மருத்துவமனை வாசலில் அவளை ஒருமுறை பார்த்துவிட்ட ஓர் ஓட்டுநர், அங்குள்ள நோயாளி என்றே முடிவுகட்டியிருந்தார். அவள் நோயாளி அல்லள். அந்த மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர். பெயர் வெரிட்டி ஹாக்ஸ்வெல். வயது நாற்பத்து நான்கு. அவள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

மூளைக்குள் நினைவு உருவாகும் பாதை ஒரு வட்டம். கடற்குதிரைபோல் வளைந்த ஹிப்போகாம்பஸில் தொடங்கி, வில்வளைவான ஒரு நரம்புக் கட்டின் வழியே சென்று, மூளையின் அடியில் இரட்டையாகத் தொங்கும் மாமில்லரிக் குமிழ்களை அடைந்து, அங்கிருந்து தாலமஸுக்கு ஏறி, மூளையை அரைக்கச்சைபோல் சுற்றியிருக்கும் மேட்டின் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். இந்த வரிசையை வெரிட்டி எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் தேர்வுக் கூடத்தில் அது கலைந்துவிடும். ஆகவே அதைப் பேருந்தில் ஏற்றினாள். கடற்குதிரைகள் நீந்தும் மீன் காட்சியகம் முதல் நிறுத்தம். வளைவுப் பாலம் நரம்புக் கட்டு. இரட்டை எரிவாயுத் தொட்டிகள் மாமில்லரிக் குமிழ்கள். ஊருக்கு வரும் கடிதங்களையெல்லாம் பிரித்து அனுப்பும் அஞ்சல் நிலையம் தாலமஸ். நகரை அணைத்துக் கிடக்கும் கடற்சுவர்ச் சாலை கச்சை மேடு. பிறகு மீண்டும் மீன் காட்சியகம்.

மனநல மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற வேண்டுமானால் இந்த முதல் தாளில் தேறியாக வேண்டும். மீண்டும் மீண்டும் எழுத விடுவார்கள். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வெரிட்டி அந்த எல்லையின் கடைசிப் படியில் நின்றாள். வரும் வெள்ளிக்கிழமை எழுதும் தேர்வில் தவறினால் பயிற்சி இடம் பறிபோகும். பிறகு ஆயுளுக்கும் சிறப்பு மருத்துவர் ஆக முடியாது.

அவள் தவறியதெல்லாம் மூளையின் அமைப்பைக் கேட்கும் பகுதியில்தான். மருந்துகளில் தேறுவாள், மனவளர்ச்சிக் கோட்பாடுகளில் தேறுவாள், எந்த நரம்பு எங்கே குறுக்கே கடந்து மறுபக்கம் போகிறது என்ற கேள்வியில் வீழ்வாள். நினைவாற்றல் இல்லாதவள் என்று சொல்லவும் முடியாது. மருத்துவம் படிக்கப் போவதற்கு முன் அதே மருத்துவமனையில் பதின்மூன்று ஆண்டுகள் தொலைபேசி இணைப்பாளராக இருந்தவள் அவள். ஒவ்வொரு வார்டின் உள் எண்ணும், ஊரின் மருந்துக் கடைகளும், வாடகைக் கார் நிறுவனங்களும், சவ அடக்கம் செய்வோரும் அவள் விரல் நுனியில் இருந்தனர். இணைப்பு அறையில் அமர்ந்து மருத்துவர்களின் குரல்களைக் கேட்டுக் கேட்டே, 'இதை நானும் செய்யலாமே' என்ற ஆசை அவளுக்கு முளைத்தது. முப்பது கடந்த பிறகு, மீன் பொரியல் கடை வைத்திருந்த தந்தை விட்டுச்சென்ற வீட்டை விற்றுக் கல்லூரிக்குப் போனாள். விற்ற வீட்டை மீட்க முடியாது. போன வயதையும் மீட்க முடியாது. மிஞ்சியிருந்தது இந்தத் தேர்வுதான்.

கடைசி மாதத்தில் அவள் சமையலறை ஓர் உடற்கூற்று அறையாகிவிட்டது. காலிஃபிளவரை வாங்கிவந்து நடுவே பிளந்து, குறுக்கே சீவி, ஒவ்வொரு சீவலிலும் எது எங்கே இருக்கும் என்று கத்தி முனையால் தொட்டுத் தொட்டுச் சொல்வாள். பிறகு அதையே வேகவைத்துப் பாலாடைக்கட்டி தூவிச் சாப்பிடுவாள். ஒரு நாள், வாயில் வைத்த துண்டு சிறுமூளையா பின்மடலா என்ற ஐயம் எழுந்தபோது முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு மேசையில் தலைசாய்த்து அழுதாள். வார்டில் துணிமணி வைக்கும் அறைக்குள்ளும் அழுததுண்டு. அங்கே அவளைக் கண்டுபிடித்தவள் வார்டின் பொறுப்புச் செவிலி பெர்னடெட். எல்லோருக்கும் பெர்னி.

"ஏம்மா வெரிட்டி, போர்வைக்குக்கூட இப்ப மூளை இருக்கா? அதுகிட்ட போய்ப் பாடம் ஒப்பிக்கிறே?"

"பெர்னி, பன்னிரண்டு கபால நரம்புல எனக்கு ஒன்பதாவது எப்பவுமே விட்டுப்போகுது. எவ்வளவு படிச்சாலும் அதே ஒன்பதாவது."

"விட்டுப்போகட்டும். மீதிப் பதினொன்னு இருக்குல்ல, அத வெச்சு ஓட்டு. மூக்கைத் துடைச்சிட்டு வா. ஸ்கேஃப் மறுபடியும் வந்திருக்கான். நடக்கத் தெரியாம நடக்குறான்."

லெஸ்லி ஸ்கேஃப் ஒரு காலத்தில் மீன்பிடி விசைப்படகில் எஞ்சின் பார்த்தவர். படகுகள் போய்விட்டன, குடி தங்கிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வார்டுக்கு வருவார். குடியை இறக்கி, உடம்பைத் தேற்றி அனுப்புவார்கள். வெரிட்டிக்கு அந்த வார்டில் முதல் நோயாளியே அவர்தான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நோயாளியின் நினைவைச் சோதிக்கும் மருத்துவர் ஒரு பெயரையும் முகவரியையும் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார். வேறு பேச்சுப் பேசி ஐந்து நிமிடம் போக்கிவிட்டு, 'முதலில் சொன்ன முகவரி என்ன?' என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் புது முகவரி சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் ஆண்டுக்கணக்கில் இதைச் செய்யும் மருத்துவர் நாக்கில் ஒரே முகவரி வந்து குடியேறிவிடும். வார்டின் தலைமை மருத்துவர் டாக்டர் பாஸ்க் எப்போதும் ஒரு கடற்கரை விடுதியின் முகவரியையே சொல்வார்; அவர் தேனிலவுக்குப் போன இடம் அது என்று செவிலியரிடையே ஒரு பேச்சு. வெரிட்டியின் முகவரி: எட்வின் கோல், பதினேழு, டான்சி தெரு, மார்ஸ்வித். இணைப்பாளர் வேலைக்கு முதன்முதலில் வந்தபோது அவள் வாடகைக்குத் தங்கிய அறை அந்த வீட்டில்தான் இருந்தது. எட்வின் கோல் வீட்டுக்காரர், காலமாகிவிட்டார். தெருவையும் இடித்துவிட்டார்கள்.

திரும்பத் திரும்ப வரும் நோயாளிகள் இதைக் கண்டுகொண்டனர். அவர்களுக்கு வெரிட்டி 'மிஸஸ் கோல்' ஆனாள். ஸ்கேஃப் அவளை எதிரில் கண்டாலே, "என்ன மிஸஸ் கோல், எட்வின் வாடகையைக் குடுத்தானா இல்லையா?" என்று வராந்தா அதிரக் கேட்பார். வார்டே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

இந்த முறை வந்தவர் பல நாள்களாகச் சாப்பிட்டிருக்கவில்லை. குடித்துக் குடித்து உணவை மறந்தவர்களுக்கு உடலில் பி-ஒன்று என்னும் சத்து வற்றிப்போகும். அது வற்றினால் முதலில் கண் தடுமாறும், நடை தடுமாறும். கவனியாமல் விட்டால் அந்த மாமில்லரிக் குமிழ்கள் கருகி, புதிய நினைவு எதுவும் பதியாத நிலை வந்துவிடும். ஆகவே சேர்ந்தவுடனேயே ஊசிகள் போட்டார்கள். நடை இன்னும் சரியாகவில்லை. அது பழைய முழங்கால் வலி என்று அவரே சொன்னார். கண்கள் ஓரளவு தெளிந்திருந்தன. படுக்கைக்கோ தட்டுப்பாடு. வியாழக்கிழமை மாலை டாக்டர் பாஸ்க் சொன்னார்: "வெரிட்டி, ஸ்கேஃபோட நினைவைப் பார்த்துடுங்க. நல்லா இருந்தா ஊசியை நிறுத்தி, காலையில வீட்டுக்கு அனுப்பிடலாம்."

மறுநாள் அவளுக்குத் தேர்வு. கையில் கபால நரம்புகளின் படம் ஒட்டிய அட்டை. ஸ்கேஃபின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள்.

"எப்படி இருக்கீங்க லெஸ்?"

ஸ்கேஃப் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு, புது டாக்டரா? போன தடவ இருந்த பொண்ணைத் தொரத்திட்டாங்களா?"

"இன்னும் தொரத்தல. நாளைக்குத் தொரத்துவாங்க," என்றாள் வெரிட்டி. அவருடைய கேலி அவளுக்குப் பழக்கம். "இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க?"

அவர் கண்கள் அவள் தோளுக்கு மேலாகச் சுவருக்குப் போய்த் திரும்பின. "வியாழன். வெளியில தூறல். ராத்திரிக்கு மீனும் பட்டாணியும்."

"பிரமாதம். ஒரு முகவரி சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. எட்வின் கோல், பதினேழு, டான்சி தெரு, மார்ஸ்வித்."

அவர் திருப்பிச் சொன்னார். படகுகளைப் பற்றியும் எஞ்சின்களைப் பற்றியும் பேசினார்கள். அவர் பேசப் பேச அவள் கண் மடியிலிருந்த அட்டைக்கே போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டாள். ஸ்கேஃப் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: "எட்வின் கோல், பதினேழு, டான்சி தெரு, மார்ஸ்வித். போதுமா தாயி?"

நினைவு நலம் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வெரிட்டி பேருந்துக்கு ஓடினாள். கடைசியாக ஒரு சுற்றுப் போக வேண்டியிருந்தது.

தேர்வு நடக்கும் நகரம் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவு. ஒரு கணக்காளர் அலுவலகத்தின் மேல்மாடி; வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு கணினி. ஓட்டுநர் உரிமத்துக்குச் சாலை விதிகளை ஒப்பிக்க வந்த இளைஞர்களும் அதே அறையில்தான் எழுதினார்கள். கைப்பேசி, கைக்கடிகாரம், மேலங்கி எல்லாவற்றையும் பெட்டிக்குள் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார் மேற்பார்வையாளர். நரைத்த தலை, கம்பளிச் சட்டை, கனிவான முகம்.

"பயப்படாதீங்கம்மா. கார் ஓட்டவா?"

"இல்லீங்க. மூளை."

"அடேயப்பா. கார் ஓட்டுறதே பரவால்ல."

முதல் ஒரு மணி நேரம் எதிர்பாராத விதமாக நன்றாகப் போனது. ஒன்பதாவது நரம்பு கேள்வியாகவே வந்தது, அவளுக்குத் தெரிந்தது. எந்தப் படத்தில் இடது, எந்தப் படத்தில் வலது என்பதிலும் குழம்பவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, 'தேறிவிடுவேனோ?' என்ற எண்ணம் தலைகாட்டியது. அதை உடனே அமுக்கினாள். அப்போது அடுத்த கேள்வி திரையில் வந்தது.

நெடுங்காலம் குடித்த ஐம்பத்தைந்து வயது ஆண், நடை தள்ளாடுகிறது, மாமில்லரிக் குமிழ்கள் சிதைந்துள்ளன. இவரிடம் கீழ்க்கண்டவற்றுள் எது சிதையாமல் இருக்கும்?

வெரிட்டி பேருந்தில் ஏறினாள். மீன் காட்சியகம், வளைவுப் பாலம். இரட்டைத் தொட்டிகளில் பேருந்து நின்றது. நிறுத்தம் இடிந்து கிடக்கிறது. பேருந்து மேலே போகாது. இன்று ஏறிய பயணி எவரும் வீடு போய்ச் சேரமாட்டார். அப்படியானால் யார் பத்திரமாக இருப்பார்? நிறுத்தம் இடிவதற்கு முன்பே, பல ஆண்டுகளுக்கு முன்பே, இறங்கி வீட்டுக்குப் போய்விட்டவர்கள். பழைய நினைவுகள். பலமுறை கேட்டு மனப்பாடமானவை. விடை 'ஆ' என்று அழுத்தினாள்.

அழுத்திய விரல் அங்கேயே நின்றது.

எட்வின் கோல் என்றோ இறங்கிப் போய்விட்ட பயணி. அவள் நேற்று அவனை ஏற்றிவிடவில்லை. அவன் ஸ்கேஃபின் தலைக்குள் ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கிறான். குடியேற்றியவள் அவள்தான். நேற்று அவர் ஒப்பித்தது நினைவு அல்ல, பழைய பாட்டு. அந்தக் கண்கள் போய்த் திரும்பிய சுவரில் என்ன இருந்தது? கிழமை, வானிலை, இரவு உணவு எல்லாம் எழுதி வைக்கும் வெள்ளைப் பலகை. 'புது டாக்டரா?' என்றது கேலி அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அவளை மிஸஸ் கோல் என்று ஒருமுறைகூட அழைக்கவில்லை.

திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பாதித் தாளுக்கு மேல் மீதி. வெளியே இந்நேரம் அவரை வீட்டுக்கு அனுப்ப ஆயத்தம் செய்துகொண்டிருப்பார்கள். ஊசி நின்றுவிட்டது. வீட்டில் யாருமில்லை, சாப்பிட்டோமா, குடித்தோமா, அடுப்பைப் பற்றவைத்தோமா என்பது அவருக்கு அடுத்த நிமிடம் தெரியாது. கருகாமல் மிஞ்சியிருக்கும் ஏதோ ஒரு துளியும் இந்த வாரத்துக்குள் கருகிவிடும்.

'பெர்னி கவனித்துவிடுவாள்' என்று சொல்லிக்கொண்டாள். பெர்னி ஏன் கவனிப்பாள்? நினைவு நலம் என்று கையெழுத்து இருக்கிறதே. 'பாஸ்க் ஒருமுறை பார்ப்பார்.' அவர் தேனிலவு விடுதியைக் கேட்பார். அதையும் ஸ்கேஃப் ஒப்பிப்பார். 'தேர்வு முடிந்ததும் பேசலாம். சற்று நேரம்தானே.' இந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் மூன்று கேள்விகளைப் படித்தாள். எழுத்துகள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. விற்ற வீட்டின் சமையலறை கண்முன் வந்தது. எண்ணெய் மணக்கும் மேலங்கியோடு நின்ற தந்தையின் கை வந்தது. கை உயர்ந்தது; அது அவள் கை.

மேற்பார்வையாளர் குனிந்து கிசுகிசுத்தார். "கழிப்பறைக்காம்மா?"

"ஒரு ஃபோன் பண்ணணும். ஒரே ஒரு நிமிஷம். ஒரு நோயாளி."

"ஐயோ, அது கூடாதேம்மா. வெளியில யார்கிட்டயும் பேசினா அதோட தேர்வு முடிஞ்சுது."

"நீங்க பேசுங்களேன். நம்பர் சொல்றேன். ஸ்கேஃபை அனுப்பாதீங்கன்னு ரெண்டே வார்த்தை."

"எனக்கும் அதே விதிதான் கண்ணு. யார் யாரோ என்னென்னவோ சொல்லிக் கேட்டிருக்காங்க. ஒருத்தர் செத்துப்போன அம்மாவ ரெண்டு தடவ சாகடிச்சார்." அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "ஒண்ணு எழுதுங்க, இல்ல முடிங்க. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கமாட்டார்கள். இதைத் தேர்வு எழுதிப் பழகிய எவரும் மறக்கமாட்டார், வெரிட்டியும் மறக்கவில்லை. மீதியிருந்த கேள்விகள் ஒவ்வொன்றிலும், படிக்காமலே, மூன்றாவது விடையை அழுத்திக்கொண்டு போனாள். இ, இ, இ, இ. பக்கத்துத் தடுப்பில் சாலை விதி எழுதிக்கொண்டிருந்த பையன் அந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தான். கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது, துடைக்கவில்லை. முடிக்கும் பொத்தானை அழுத்தியபோது, 'உறுதியாகத்தானா?' என்று திரை கேட்டது. அழுத்தினாள். இரண்டாம் முறையும் அதையே கேட்டது.

படிக்கட்டில் நின்றபடி வார்டுக்கு அழைத்தாள்.

"பெர்னி, ஸ்கேஃபை அனுப்பாதே."

"ஏ, நீ தேர்வுல இல்ல? அவன் எப்பவோ போயாச்சும்மா. மருத்துவமனை வண்டி வர நேரமாகும்னேன். 'எனக்கு வீட்டுக்குப் போற வழி தெரியாதா?'ன்னு முறைச்சிட்டு, வாசல்ல நின்ன வாடகைக் கார்ல ஏறிட்டான். ஏன், என்ன ஆச்சு?"

வெரிட்டி சொன்னாள். 

"அவன் வீட்டுக்கு ஆள் அனுப்புறேன்," என்றாள் பெர்னி. அவள் குரலில் கேலி இல்லாமல் கேட்பது அதுவே முதல் முறை.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது: வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர் அங்கே போகவே இல்லை. ரயில் நிலைய நடைமேடையில் வெரிட்டி நின்றிருந்தாள். ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. துறைமுகம், படகுத் துறை, சேற்று நிலம் என்று அவர் போய் விழக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. மருத்துவமனை வாசலில் நிற்பவை யாருடைய கார்கள் என்பது இணைப்பாளராக இருந்தவளுக்குத் தெரியாதா? எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை; விரல்களே அழுத்தின.

"ஆமாங்க, நான்தான் ஏத்தினேன்," என்றார் ஓட்டுநர் இர்ஃபான். "நல்ல மனுஷன். வழியெல்லாம் எஞ்சினைப் பத்திப் பாடம் எடுத்துட்டு வந்தாரு."

"எங்க இறக்கினீங்க?"

"அவர் சொன்ன இடத்துலதான். முகவரி அவ்வளவு தெளிவா சொன்னாருங்க டாக்டர். பதினேழு, டான்சி தெரு. அங்க வீடே இல்லையே, பெரியவரே, வண்டி நிறுத்துற இடம்தானேன்னேன். 'தம்பி, என் வீடு எனக்குத் தெரியாதா'ன்னுட்டாரு. நானும் பின்னாடி எங்கயாவது குடியிருப்பாருன்னு…"

வெரிட்டி நடைமேடை இருக்கையில் அமர்ந்துவிட்டாள். "திரும்பிப் போங்க. தயவு செஞ்சு உடனே போங்க. அவரை வண்டியில ஏத்தி வார்டுக்குக் கொண்டுபோங்க."

டான்சி தெருவின் வீடுகளை இடித்த இடத்தில் பல்பொருள் அங்காடியின் வாகன நிறுத்தம் இருந்தது. தரையில் கட்டம் கட்டமாக எண்கள் எழுதியிருந்தார்கள். ஸ்கேஃப் பதினேழாம் கட்டத்தில் நின்றிருந்தார் என்று இர்ஃபான் பிறகு சொன்னார். சட்டை முழுவதும் நனைந்து, உதடு நீலம் பாய்ந்து, கையில் சாவியோடு, கதவைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பெண் தன் காரை அங்கே நிறுத்த முயன்று ஒலியெழுப்பியபோது, "இது என் முன்னறை, வேற எங்கயாவது போம்மா" என்று கையை விரித்து மறித்திருக்கிறார். இர்ஃபானை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "எட்வின் பூட்டை மாத்திட்டான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

மாலையில் வெரிட்டி வார்டுக்குள் நுழைந்தபோது ஊசி மீண்டும் ஏறிக்கொண்டிருந்தது. பாஸ்க் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"என் விடுதியையும் கேட்டுப் பார்த்தேன்," என்றார் மெதுவாக. "அறை எண்ணோட சொல்றார்." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, "தேர்வு?"

"முடிச்சுட்டேன்."

"முடிச்சீங்களா, எழுதினீங்களா?"

அவள் குனிந்து ஸ்கேஃபின் போர்வையைச் சரிசெய்தாள். அவர் மறுமுறை கேட்கவில்லை.

முடிவு கோடைத் தொடக்கத்தில் வந்தது. தேவையான மதிப்பெண்ணுக்குக் கீழே. படித்து எழுதிய பாதியில் அவள் வாங்கியிருந்தது, மூளையின் அமைப்பைக் கேட்கும் கேள்விகளில் அதுவரை வாங்கிய எதையும்விட மிக அதிகம். கண்மூடி அழுத்திய மூன்றாவது விடைகள்தான் அவளைத் தாங்கவில்லை. தேர்வுக் குழுவுக்கு எழுதிப் பார்க்கச் சொன்னார் பாஸ்க். எழுதினாள். எழுதுபவரின் உடல்நலக் குறைவு மட்டுமே கருதப்படும் என்று பதில் வந்தது. பயிற்சி இடம் அந்த மாதமே முடிந்தது. அன்று மாலை பேருந்தில் ஏறி மேல்தளத்துக்குப் போனாள். உதடுகள் பழக்கத்தால் அசைந்தன. இரட்டைத் தொட்டிகளைத் தாண்டும்போது எழுந்து கீழே வந்து, தொட்டிகளுக்கு அடுத்த நிறுத்தத்தில், தனக்கு எந்த வேலையும் இல்லாத இடத்தில், இறங்கி நின்றாள். ஓட்டுநர் நெடுநேரம் கதவை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நினைவு நலப் பிரிவில் சாதாரண மருத்துவராக ஓர் இடம் காலியாக இருந்தது. உயர்வு இல்லாத இடம். யாரும் விண்ணப்பிக்காத இடம். இன்றும் அவள் அதில்தான் இருக்கிறாள். அவளுக்குப் பின் வந்து, அவளிடமே பாடம் கேட்டுப் போன இளையவர்கள் இருவர் இப்போது அவளுக்கு மேலதிகாரிகள். காலையில் பேருந்திலிருந்து கண்ணில் படும் கடைப் பலகைகளில் ஒரு பெயரை எடுத்து, இன்னொன்றில் தெருவை எடுத்து, அன்றைக்கு மட்டுமான முகவரியைக் கட்டிக்கொள்கிறாள்; மாலையில் அதை மறந்துவிட முயல்கிறாள். கபால நரம்புகளின் படத்தைக் கிழித்தெறிந்துவிட்டாள். ஆனால் ஒன்பதாவது நரம்பு இப்போது மறப்பதே இல்லை. எந்தப் பயனும் இல்லாமல், பல் துலக்கும்போது வந்து நிற்கிறது.

ஸ்கேஃப் குன்றின்மேல் உள்ள காப்பகத்தில் இருக்கிறார். ஊசிகள் கண்ணையும் நடையையும் மீட்டுத் தந்தன, நினைவை மீட்கவில்லை. அந்த வியாழனன்றே கண்டிருந்தால் மீண்டிருக்குமா என்று வெரிட்டி ஒருமுறை பாஸ்க்கிடம் கேட்டாள். "யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். அது கருணையா உண்மையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

காப்பகத்துக்கு அவள் பரிசோதனைக்காக முறைப்படி போகிறாள். அவர் சன்னலோரம் அமர்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"யாரு, புது டாக்டரா?"

"ஆமாம், லெஸ். ஒரு முகவரி சொல்றேன், மனசுல வெச்சுக்கிறீங்களா? ஆக்னெஸ் பெல், முப்பது, ரொட்டிக்கடைச் சந்து, மார்ஸ்வித்."

திருப்பிச் சொல்வார். எஞ்சின்களைப் பற்றிப் பேசுவார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், முகவரியா, எந்த முகவரி என்பார். யாரும் எதுவும் சொல்லவில்லையே என்பார். வெரிட்டி குறித்துக்கொள்வாள். அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்; வரிசையில் அது இருக்கிறது.

"நீங்க எங்க குடியிருக்கீங்க, லெஸ்?"

அவர் முகம் தெளியும். "டான்சி தெரு. பதினேழு. நல்ல வீடு. கூட எட்வின் கோல் இருக்கான்."

பேனா தாளின் மேல் நிற்கும். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றும், அவள் போவதில்லை.

"எட்வின் நல்லா இருக்காரா?"

"அவனுக்கென்ன," என்பார் ஸ்கேஃப், துறைமுகத்துப் பக்கம் திரும்பிக்கொண்டே. "வர்றவங்க எல்லாம் அவனைத்தான் விசாரிக்கிறாங்க."